டேசர் (மின்னதிர்ச்சித் துப்பாக்கி): அறிக்கையில் 2, கருவிப் பதிவில் 4. எதை ஏற்றுவது?

பதிவேடு2:
போலீஸ் டேசர் பயன்பாட்டைத் தொகுக்கும் எக்செல் தாளில் ஒரு சிக்கல். அதிகாரியின் அறிக்கையில் "இரவு 11:35, 2 முறை" என்று இருக்கிறது. எக்ஸ்2 என்ற டேசர் மாடலிலிருந்து இறக்கிய பதிவில் அன்றைக்கு 4 வரி: மாலை 6:02 ஆர்க் (மின்பொறிப் பொத்தான்) 5 நொடி; இரவு 11:41 டிரிகர் (சுடும் விசை) 5, மறுபடி டிரிகர் 5, அப்புறம் ஆர்க் 11. எந்தக் கணக்கை எடுப்பது? பிற நாட்டு எண்களோடு ஒப்பிடும் எண்ணமும் உண்டு.

நேரங்காட்டி:
முதலில் நேரம். கருவிக்குள் இருக்கும் கடிகாரம் மெல்ல விலகிக்கொண்டே போகும். கணினியில் செருகும்போதுதான் திருத்தம். பதிவில் 'டைம் சிங்க்' வரியைத் தேடுங்கள், திருத்துவதற்கு முன்னும் பின்னும் என்ன நேரம் என்று அதில் இருக்கும். 6 நிமிடம் முந்தி ஓடியிருந்தால் உங்கள் 11:41தான் அவருடைய 11:35. மணிக்கணக்கில் தள்ளியிருந்தால் யாரோ உள்ளூர் நேரத்துக்குப் பதில் கிரீன்விச் நேர நெடுவரிசையைப் படித்துவிட்டார்கள்.

6:02 வரி அநேகமாகப் பணி தொடங்கும்போது செய்யும் பொறிச் சோதனை. தனியே குறியுங்கள், அழிக்க வேண்டாம்.

மின்பொறி:
எக்ஸ்2வில் இரண்டு கார்ட்ரிட்ஜ் (கம்பியோடு பாயும் முட்கள் உள்ள குப்பி). டிரிகர் இரண்டு தடவை என்றால் இரண்டும் சுடப்பட்டிருக்கலாம். அதிகாரியின் 2 அங்கிருந்து வந்திருக்கும். ஆர்க் பொத்தான் எதையும் சுடாது. எச்சரிக்கையாகப் பொறி காட்டவும், கருவியை உடம்பில் வைத்து அழுத்தவும், ஏற்கெனவே தைத்த முட்களில் திரும்ப மின்சாரம் விடவும் அதே பொத்தான்தான். அறிக்கையில் விட்டுப்போக வாய்ப்புள்ளதும் அதுதான்.

அந்த 11 நொடியை '1 முறை' என்று மட்டும் ஏற்றினால் பாதி விஷயம் மறைந்துவிடும். ஒரு சுற்று 5 நொடி. தானே நிறுத்தும் பேட்டரி இல்லாவிட்டால் விரலை எடுக்கும்வரை ஓடும். ஆகவே எத்தனை தடவை அழுத்தினார் என்பதற்கு ஒரு பத்தி, மொத்த நொடிக்கு ஒரு பத்தி: இங்கே 6:02 வரியை விட்டுவிட்டு 3, 21. அமெரிக்காவின் போலீஸ் எக்சிகியூட்டிவ் ரிசர்ச் ஃபோரம் என்ற காவல் ஆய்வு அமைப்பு 2011 வழிகாட்டுதலில் எச்சரிப்பது 3 சுற்றை, அதாவது 15 நொடியைத் தாண்டுவதைப் பற்றித்தான்.

அதற்காக 21 நொடியும் உடம்பில் பாய்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஒரு முள் தொளதொளச் சட்டையில் மாட்டிக்கொண்டால் மின்சுற்று முழுமையடையாமல் போகலாம். அதைப் பார்க்க 'பல்ஸ் லாக்' வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். துடிப்புக்குத் துடிப்பு மின்னூட்ட அளவு அதில் இருக்கும். 'ஈவென்ட் லாக்' மட்டும் தந்தால் அது பொத்தானை அழுத்தியதற்குத்தான் சான்று.

கணக்குப்பிள்ளை:
ஒப்பிடுவதானால் எதை எண்ணுகிறார்கள் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 2017 ஏப்ரல் முதல் ஒவ்வோர் அதிகாரியும் தன் பங்குக்கு அறிக்கை தருகிறார். உறையிலிருந்து உருவினாலே, குறிபார்க்கும் லேசரின் சிவப்புப் புள்ளியை ஆள்மேல் பாய்ச்சினாலே கணக்கு. ஒருவர் மேல் இரண்டு பேர் நீட்டினால் அறிக்கை 2. அங்கே பெரும்பாலானவை சுடாத பயன்பாடுகள். அமெரிக்க எஃப்பிஐ 2019இல் தொடங்கிய தொகுப்போ மரணம், கடுங்காயம், ஆளை நோக்கிய துப்பாக்கிச் சூடு மூன்றை மட்டும் கேட்கிறது. கடுங்காயம் இல்லாத டேசர் அதில் வராது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் அபத்தம்தான் மிஞ்சும்.

பதிவேடு2:
ஆர்க் எதற்காக அழுத்தப்பட்டது என்று அறிக்கையில் ஒரு வார்த்தைகூட இல்லை. 'உடம்பில் வைத்து' பத்தியில் 0 போடவா?

மின்பொறி:
வேண்டவே வேண்டாம். 0 என்றால் நடக்கவில்லை என்று பொருள். 'தெரியவில்லை' என்று போட்டுவிட்டு உடல்கேமரா ஒளிப்பதிவையும் மருத்துவக் குறிப்பையும் கேளுங்கள். நேராக வைத்து அழுத்தியிருந்தால் அருகருகே இரட்டைப் புள்ளியாகச் சிறு தீக்காயம் குறித்திருக்கக்கூடும்.