ரான் கார்ட்டரைத் தேடிப் போனபோது கிடைத்த ராப் ஆல்பம்

நான் ராப் கேட்டு வளர்ந்தவன் அல்ல. ஜாஸ்தான் எனக்கு எல்லாம். அதிலும் 1960களில் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் டபுள் பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்களைத் தரும் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்த ரான் கார்ட்டர் என்றால் உயிர். அவர் வாசித்ததையெல்லாம் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், 1991இல் வந்த ஒரு ஹிப் ஹாப் ஆல்பத்தில் அவர் பெயர் கண்ணில் பட்டது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி இளைஞர்களான எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் 'தி லோ எண்ட் தியரி'. கார்ட்டர் வாசித்திருப்பது 'வெர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்' என்ற ஒரு பாட்டில்தான். அதற்காகப் போனவனை முழு ஆல்பமும் பிடித்துக்கொண்டது.

முதல் பாட்டு 'எக்ஸ்கர்ஷன்ஸ்' தொடங்கும்போது டிரம் கிடையாது, பேஸ் மட்டும்தான். அதன் மேலேயே குழுவின் ராப்பர் கியூ-டிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்: பதின்ம வயதில் தான் ஹிப் ஹாப் கேட்டுக்கொண்டிருந்தால், இது பீபாப் (1940களின் வேகமான ஜாஸ் பாணி) மாதிரி இருக்கிறதே என்று அப்பா சொல்வாராம். எல்லாம் சுற்றிச் சுற்றி வருவதுதானே அப்பா என்கிறான் மகன். சில வரிகள் கழித்து டிரம் வந்து இறங்குகிறது பாருங்கள், அந்த இடத்தில் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. அந்த பேஸ், ஆர்ட் பிளேக்கியின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டிலிருந்து எடுத்த சாம்பிள், அதாவது வெட்டியெடுத்த ஒலித்துண்டு. பிளேக்கி டிரம் மேதை. அவருடைய இசைத்தட்டிலிருந்து பேஸை எடுத்து, அதற்கு வேறு டிரம் போட்டிருக்கிறார்கள். என்ன துணிச்சல்!

கார்ட்டர் வாசித்த பாட்டுக்கு வருகிறேன். சாம்பிளை லூப் செய்தால், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டால், ஒவ்வொரு சுற்றும் அச்சு அசலாக அப்படியே திரும்பும். மனிதர் வாசித்தால் அப்படி இருக்காது. டிரம் அசையாமல் போய்க்கொண்டிருக்க, கார்ட்டர் ஓரிடத்தில் ஒரு ஸ்வரத்தைக் கூட்டுகிறார், இன்னோரிடத்தில் விட்டுவிடுகிறார். நல்ல ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், புரியும். பாட்டின் முடிவில் கியூ-டிப் நன்றி சொல்லும்போது கார்ட்டரின் பெயரை எவ்வளவு பெருமையோடு உச்சரிக்கிறார்! ரசிகனாக எனக்கு அது மிகவும் நெருக்கமான இடம்.

குழுவின் இன்னொரு ராப்பர் ஃபைஃப் டாக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1990இல் வந்த குழுவின் முதல் ஆல்பத்தில் அவருக்குச் சில பாடல்களே கிடைத்தன. இதிலோ இரண்டாவது பாட்டையே அவர்தான் தொடங்கிவைக்கிறார். 'பட்டர்' என்ற பாட்டு முழுக்க அவருடையது. கியூ-டிப்பின் குரல் மென்மையானது. ஃபைஃபின் குரலில் தெருவின் சூடும் குறும்பும் இருக்கும். இந்த இரண்டு குரல்களும் மாறி மாறி வருவதைக் கேட்கும்போது, இரு சாக்ஸபோன்கள் பேசிக்கொள்வதுபோல்தான் என் ஜாஸ் காதுக்குத் தோன்றுகிறது. 2016இல் ஃபைஃப் நாற்பத்தைந்து வயதிலேயே இறந்துபோனது பெரிய இழப்பு.

இசைத்துறை வியாபாரிகளைச் சாடும் பாடல்களும் இருக்கின்றன. அவை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்தது. புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசிப் பாட்டான 'சினாரியோ' பிரபலம் என்பதற்காக அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். விருந்தினராக வரும் ராப்பர் பஸ்டா ரைம்ஸ் உறுமும் அந்த ஆர்ப்பாட்டத்தின் முழு வேகமும், அதற்கு முந்தைய பதின்மூன்று பாடல்களின் நிதானத்தைக் கேட்டுவிட்டு வந்தால்தான் தெரியும். போன் ஸ்பீக்கரும் வேண்டாம். பேஸ் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.