புதுப்பிப்பு: மதிப்பெண்ணா, வேலை அனுபவமா? இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது

மெக்கானிக்கல் படிக்கிறேன், மதிப்பெண் சுமார்தான், பகுதிநேரமாக மெஷின் ஷாப்பில் (உலோகப் பாகங்கள் செய்யும் பட்டறை) வேலை. மதிப்பெண்ணை ஏற்ற அந்த வேலையை விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விடவில்லை. தேர்வு நேரத்தில் மட்டும் மணிநேரத்தைக் குறைத்துக்கொண்டேன்.

மதிப்பெண்ணை யாருமே பார்ப்பதில்லை என்று சிலர் சொன்னது சரியில்லை. சில நிறுவனங்கள் அறிவிப்பிலேயே கட்-ஆஃப் போட்டுவிடுகின்றன. அதற்குக் கீழே இருந்தால் ரெஸ்யூமே யார் கண்ணிலும் படாது. ஆனால் அதைத் தாண்டியபின் என்னிடம் ஒருவரும் மதிப்பெண் பேச்சையே எடுக்கவில்லை.

நேர்காணலில் கேட்டது இதுதான்: சிஎன்சியில் (கணினி இயக்கும் மெஷின்) கடைந்த அலுமினியத் துண்டை எடுத்தவுடன் மைக்ரோமீட்டரில் (நுண் அளவு பார்க்கும் கருவி) அளப்பீர்களா? ஆறவிட்டுத்தான் அளப்பேன் என்றேன். ஏன் என்றார்கள். வரைபட அளவுகள் பொதுவாக 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. 100 மில்லிமீட்டர் துண்டு அதைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் கிட்டத்தட்ட 0.046 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். சூட்டிலேயே அளந்து சரி என்று விட்டால், ஆறியபின் அவ்வளவும் குறைந்துவிடும். டாலரன்ஸ், அதாவது அளவு மாற அனுமதிக்கும் எல்லை, 0.02 மில்லிமீட்டர் என்றால் துண்டு குப்பைக்குத்தான். விரிவுக் கெழு (சூட்டில் ஒரு பொருள் எவ்வளவு நீளும் என்பதைச் சொல்லும் எண்) பாடத்தில் படித்தது, ஆறவிடும் பழக்கம் ஷாப்பில் திட்டு வாங்கிக் கற்றது. (திட்டியவருக்கு இனிப்பு கொடுத்தாயிற்று.)

அப்புறம், ரெஸ்யூமேயில் ‘உதவியாளர்’ என்று மட்டும் போடாமல் எந்த மெஷின், என்ன டாலரன்ஸ் என்று எழுதச் சொன்னவருக்கு நன்றி. அந்த வரியிலிருந்துதான் கேள்வியே வந்தது. அடுத்த மாதம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்கிறேன்.