கீமோ முடிந்தும் கட்டி நிற்கிறது: தோல்வியா, முதிர்ச்சியா?

பாலக்கோட்டான்:
என் அக்காள் மகனுக்கு இரண்டரை வயது. சிறுமூளையில் வந்த மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியில் பெரும்பகுதியை அறுவை செய்து எடுத்துவிட்டு, ஆறு மாதம் பெங்களூருக்கு அழைத்துப் போய்க் கீமோ கொடுத்தோம். கடைசி எம்.ஆர்.ஐ.யிலும் புளியங்கொட்டை அளவுக்கு மிச்சம் அப்படியே நிற்கிறது. ‘முதிர்ந்திருக்கலாம்’ என்கிறார் மருத்துவர். தோல்வியை நயமாகச் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. உடனே கதிர்வீச்சு கொடுப்பதே சரி.

ஓசூர் ஆய்வகம்:
தம்பி, அது நயப்பேச்சு அல்ல. நரம்புச் செல்லாக வளர வேண்டியவை பாதியில் நின்று, ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதுதான் இந்தக் கட்டி. நுண்ணோக்கியில் கேழ்வரகைக் கொட்டியதுபோலக் கருநீலச் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். சில குழந்தைகளுக்குக் கீமோவுக்குப் பின் அதே இடத்தில் வெளிறிய நார்ப்பின்னலும், அதனிடையே பெரிய, பிரியாத நரம்புச் செல்களுமே எஞ்சுகின்றன. முதிராதவை மட்டும் மடிந்தனவா, மருந்தே முதிரச் செய்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதுகெலும்பருகே இருந்த புற்றுக்கட்டி தீங்கற்றதாக மாறியதைக் அமெரிக்க மருத்துவர்களான குஷிங்கும் வோல்பாக்கும் 1927இல், கீமோ என்பதே வராத காலத்தில், எழுதியிருக்கிறார்கள்.

பாலக்கோட்டான்:
ஐயா, பயாப்ஸியில் எடுப்பது கடுகளவு. அந்தக் கடுகு முதிர்ந்திருந்து, பக்கத்திலேயே முதிராதது ஒளிந்திருந்தால் யார் பொறுப்பு?

ஓசூர் ஆய்வகம்:
நியாயமான கேள்வி. அதனால்தான், பாதுகாப்பாக முடியுமென்றால் மிச்சம் முழுவதையும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் வைத்து முதிர்ந்ததையும் முதிராததையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. மூளையில் வரும் வேறொரு வகையான ஜெர்ம் செல் கட்டியில் (கருவணுச் செல்களிலிருந்து வருவது), அந்தக் கட்டி ரத்தத்தில் விடும் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு இறங்கிச் சரியான பிறகும் கட்டி மட்டும் பெருப்பதுண்டு. அது பெரும்பாலும் முதிர்ந்த டெரட்டோமாவாக, அதாவது பலவகைத் திசுக்கள் கலந்த தீங்கற்ற கட்டியாக, இருக்கும்; அதற்குத் தேவை அறுவை, இன்னொரு சுற்றுக் கீமோ அல்ல.

அரூர் ஆசிரியை:
குழந்தையாக இருந்தபோது தலையில் கதிர்வீச்சு பெற்ற ஒரு மாணவி என் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். பலகையில் உள்ள ஒரு வரியை அவள் எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். வளர்த்தியும் குறைவு, காதும் மந்தம். உயிரோடு இருக்கிறாளே என்று நிம்மதிதான். ஆனாலும் மூன்று வயதுக்குள் கதிர்வீச்சு என்றால், கட்டியில் உயிருள்ள புற்று இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பாலக்கோட்டான்:
சரி, அடுத்த முறை போகும்போது மறு அறுவையைப் பற்றிக் கேட்கிறேன். முதிர்ந்தது என்றே முடிவு வந்தாலும், தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுப்பதை நிறுத்தச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓசூர் ஆய்வகம்:
அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்ல மாட்டார்கள், தம்பி. முதல் அறுவையில் எடுத்த கட்டித் துண்டுகளைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டைகளையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துத்தான் பார்ப்பார்கள்.