நம்ம வீடு (வாட்ஸ்அப் குழு)

அப்பா: ஈபி பில் வந்திருக்கிறது. போன தடவையைவிட 100 யூனிட் கூட. யார் காரணம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான்: என் டிராயிங் எல்லாம் அந்த கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது அப்பா. பெங்களூரிலிருந்து எடுக்க வேண்டும், அதனால்தான் ஆனிலேயே வைக்கச் சொன்னேன்.

அப்பா: சும்மா இருந்தாலே 70 வாட். 24 மணி நேரம், 60 நாள். 100.8 யூனிட். அரசு கொடுக்கிற இலவச 100 யூனிட்டை உன் கம்ப்யூட்டரே சாப்பிட்டுவிட்டது.

அம்மா: காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

சித்தப்பா: அண்ணே, ஆனில் வைக்கவே வேண்டாம். ஸ்லீப்பில் போட்டுவிட்டு, வேண்டும்போது எழுப்பலாம். வேக் ஆன் லேன் என்று பெயர், நெட் வயர் வழியாகவே எழுப்புகிற வசதி.

நான்: பொங்கலுக்கு வந்தபோது போன் ஆப்பில் செய்து பார்த்தேன் சித்தப்பா, எழுந்தது. இங்கே வந்ததும் அசையவில்லை. அந்த அழைப்பு உள்ளே வர ரூட்டரில் போர்ட் 9 என்ற வழியைக்கூடத் திறந்துவிட்டேன்.

சித்தப்பா: திறந்து பயனில்லை பாப்பா. நம் ரூட்டரின் வான் ஐபி, அதாவது வெளிப்பக்க முகவரி, 100.72 என்று தொடங்குகிறது. அது நெட் கம்பெனியின் உள் ஐபி. வெளியே பல வீட்டுக்கும் சேர்த்து ஒரே முகவரிதான், நீ அனுப்புவது நம் வாசல் வரைக்கும் வராது. வந்தாலும் சிக்கல். தூங்குகிற மெஷின் ரூட்டர் கூப்பிட்டால் பதில் சொல்லாது. கொஞ்ச நேரத்தில் ரூட்டரும் அதை மறந்துவிடும்.

அம்மா: அப்புறம் எப்படித்தான் எழுப்புவது?

சித்தப்பா: வீட்டில் தூங்காத ஆள் ஒன்று இருக்கிறதே மதினி, அந்த ரூட்டர். அதையே எழுப்பச் சொல்ல வேண்டியதுதான். தீபாவளிக்கு வந்தபோது அதில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் சாஃப்ட்வேர் போட்டேன் அல்லவா, அப்போதே டெயில்ஸ்கேலும் ஏற்றிவிட்டேன். வெளியூரிலிருந்து வீட்டு நெட்டுக்குள் வர அது தனிப் பாதை. பாப்பா, அது வழியாக ரூட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் போ. சர்வீசஸில் வேக் ஆன் லேன் இருக்கும். கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து அழுத்து. முதலில் அந்த போர்ட் 9ஐ மூடு.

நான்: மூடிவிட்டேன். அழுத்தினால் என்ன போகும்?

சித்தப்பா: மேஜிக் பாக்கெட். 6 தடவை எஃப்எஃப் என்ற குறி, பின்னாலேயே உன் லேன் கார்டின் மேக் முகவரி, அதன் பெயர் மாதிரியான எண், 16 தடவை. மொத்தமே 102 பைட். எங்கள் அம்மா அண்ணனைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பிய மாதிரிதான்.

அப்பா: 😐

நான்: மூன்று தடவை அழுத்திவிட்டேன். எழவில்லை.

சித்தப்பா: அண்ணே, கம்ப்யூட்டருக்குப் பின்னால் லேன் வயர் செருகியிருக்கிற இடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா?

அப்பா: இல்லை.

சித்தப்பா: வயர் கழன்றிருக்கிறதா?

அப்பா: இல்லை. இறுக்கமாகத்தான் இருக்கிறது.

அம்மா: சுவரில் சுவிட்சை அணைத்ததையும் சொல்லுங்கள்.

அப்பா: தூங்கட்டும் என்றுதானே சொன்னான்? தூங்குகிறதற்குக் கரண்ட் எதற்கு?

சித்தப்பா: அண்ணே!! பெயர் கூப்பிட்டால் கேட்பதற்கு லேன் கார்டு மட்டும் விழித்திருக்க வேண்டும். 2 வாட் என்றே வையுங்கள், 60 நாளுக்கு 3 யூனிட்கூட வராது. சுவிட்சைப் போட்டு, ஒரு தடவை கம்ப்யூட்டரை ஆன் செய்து, விண்டோஸ் வந்ததும் ஸ்லீப் கொடுங்கள். ஷட் டவுன் வேண்டாம்.

அப்பா: கொடுத்துவிட்டேன். இப்போது விளக்கு மினுக்குகிறது.

நான்: அழுத்துகிறேன்.

அம்மா: ஃபேன் சத்தம் கேட்கிறது!

நான்: டிராயிங் திறந்துவிட்டது 🙏 முடிந்ததும் ரூட்டரே தூங்க வைத்துவிடுமா சித்தப்பா?

சித்தப்பா: அதற்கு எழுப்ப மட்டும்தான் தெரியும். பவர் செட்டிங்கில் 15 நிமிடம் வைத்துக்கொள், தானாகத் தூங்கிவிடும்.

அப்பா: 10 வை.

அம்மா: உங்கள் அப்பா ராத்திரி மறந்துபோய் அணைத்துவிடுவார். சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.