பேச மறுக்கும் முதிய நோயாளியிடம் நம்பிக்கையை எப்படி வளர்ப்பது?

புதுச்செவிலி (கேள்வி):

வணக்கம். ஓர் அரசு மருத்துவமனையின் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் நான் பணியில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. எங்கள் வார்டில் உள்ள 76 வயதுப் பெரியவர் ஒருவரைப் பற்றி மூத்தவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் யார், எந்த ஊர் என்று அடையாளம் தெரியாதபடியே எழுதுகிறேன்.

நீரிழிவினால் காலில் புண் ஏற்பட்டு, அழுகிய பகுதியை அகற்றிய பின் தினமும் கட்டு மாற்றப்படுகிறது. மனைவி இல்லை. மகன் மாலையில் மட்டும் வந்து போகிறார். பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்று அந்த மகன்தான் சொன்னார். பெரியவர் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. நான் கட்டு மாற்ற வந்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். எதைக் கேட்டாலும் "ம்" என்று தலையசைக்கிறார். ஆனால் சொன்னதைச் செய்வதில்லை. புண்ணுள்ள காலை ஊன்றக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் தலையசைத்தார். மறுநாள் விடியற்காலையில் அதே காலை ஊன்றிக் கழிப்பறைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். என் மீது ஏதோ கோபம் என்றே தோன்றுகிறது.

சிகிச்சை உறவு என்ற பாடத்தைக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவள்தான் நான். ஆனால் இரவுப் பணியில் 42 நோயாளிகளுக்கு இரண்டு செவிலியர் என்ற நிலையில், உட்கார்ந்து பேச நேரம் எங்கே இருக்கிறது? அவருக்கு நான் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் வீட்டுக்கு வந்த பிறகும் விடுவதில்லை.

வைகைக்கரை (பதில்):

அன்புத் தங்கைக்கு, நான் 27 ஆண்டுகள் வார்டில் இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு எழுந்த முதல் ஐயம், அவருக்குக் கோபமா என்பதல்ல, காது கேட்கிறதா என்பதுதான்.

விருதுநகர் மாவட்டத்துச் சத்திரப்பட்டி போன்ற பேண்டேஜ் துணி நெய்யும் ஊர்களுக்குப் போயிருக்கிறீர்களா? தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடமும் கையைக் காட்டித்தான் பேச வேண்டும். அந்தச் சத்தத்தில் பல்லாண்டு நின்றவருக்கு, முதுமையின் கேள்திறன் இழப்பும் சேர்ந்துகொண்டால், முதலில் போவது கீச்சென்ற உச்சச் சுருதி ஒலிகள். அதனால் பேச்சு காதில் விழும், சொல் விளங்காது. குரலின் ஏற்ற இறக்கம் கேட்கும். ச, த, ப போன்ற எழுத்துகள் ஒன்றுக்கொன்று குழம்பிப்போகும். இப்படிப்பட்டவர்கள் இரண்டு முறை "என்ன?" என்று கேட்பார்கள், மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டு "ம்" என்று தலையசைத்துவிடுவார்கள். நீங்கள் முகக்கவசம் அணிந்து, குனிந்து புண்ணைப் பார்த்தபடி பேசியிருப்பீர்கள். அவர் உங்கள் உதட்டைக்கூடப் பார்த்திருக்க முடியாது.

கட்டு மாற்றத் தொடங்கும் முன், கவசம் அணிவதற்கு முன்னரே, அவர் முகத்துக்கு நேராக, கண் மட்டத்துக்கு வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுமாறு நின்றுகொண்டு, கத்தாமல், தணிந்த சுருதியில், நிதானமாகச் சொல்லுங்கள். கத்தினால் சொல் சிதையும், முகமும் கோபமாகத் தெரியும். சொன்ன பிறகு "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், அதற்கும் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்று கழிப்பறைக்கு எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்குமாறு மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரிய குறை என்று நாம் நினைத்தது, குறும்பியை எடுத்ததும் பாதியாகக் குறைந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். கட்டு மாற்ற எப்படியும் கால்மணி நேரம் ஆகிறது அல்லவா? அவருக்கு உரிய நேரம் அதுதான். தனியாக உட்கார்ந்து பேசினால்தான் உறவு என்பதில்லை. அவர் பாதத்தைக் கையில் ஏந்தும் விதத்திலேயே அவர் உங்களைத் தெரிந்துகொள்வார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பத்து மணிக்கு வருகிறேன்" என்று சொன்னால் பத்துக்குப் போங்கள். முடியாவிட்டால் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். படுக்கையில் கிடப்பவருக்கு, சொன்ன நேரத்தில் வராத செவிலியை விட வருவதாகச் சொல்லாத செவிலியே மேல்.

எப்படி அழைக்கிறீர்கள்? "தாத்தா" என்றா? எல்லோருக்கும் அது பிடிக்காது. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

பாடவகுப்பு (பதில்):

செவிலியர் பள்ளியில் கற்பிக்கிறேன். மேலே அக்கா எழுதியதை அப்படியே ஏற்கிறேன்; அதனுடன் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும்.

முதியவரின் மௌனத்தை உறவுச் சிக்கல் என்று முடிவு செய்வதற்கு முன், அது உடலின் சிக்கலா என்று பாருங்கள். நேற்றுவரை பேசியவர் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஒடுங்கிப்போய், கவனம் நிலைக்காமல், அவ்வப்போது தெளிந்தும் மயங்கியும் இருந்தால் அது டெலிரியமாக, அதாவது உடல்நலக் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். டெலிரியம் என்றாலே கத்துவார்கள், குழாய்களைப் பிடுங்குவார்கள் என்று நினைக்கிறோம். சத்தமின்றிச் சுருண்டு கிடக்கும் வகையும் உண்டு, முதியவர்களிடம் அது அடிக்கடி தவறவிடப்படுகிறது. புண்ணில் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து என எதுவும் காரணமாக இருக்கலாம். இன்சுலின் போடுபவர் திடீரென அமைதியானால் குளுக்கோமீட்டரை எடுத்து உடனே சர்க்கரையைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. வாரக்கணக்கில் இப்படியே இருக்கிறார், உணவிலும் தூக்கத்திலும் நாட்டம் இல்லை என்றால், மனச்சோர்வை எண்ணிப் பார்க்க வேண்டும். முதியோருக்கென்றே உள்ள 15 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோல் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது.

பாடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். செவிலிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே சிகிச்சையின் பகுதியாக வைத்து அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் எழுதியபோது, அதைக் கட்டங்களாகப் பிரித்தார்; சுருக்கமாகச் சொன்னால் தொடக்கம், நடுவில் இணைந்து செய்யும் வேலை, முடிவு. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்பவர்கள் முடிவு என்ற கட்டத்தைக் கவனிப்பதே இல்லை. இந்தப் பெரியவர் ஒருநாள் வீடு திரும்புவார். அப்போது நீங்கள் இருக்கமாட்டீர்கள். அந்த நாளைப் பற்றி அவரிடம் இப்போதே பேசத் தொடங்குங்கள். வீட்டில் யார் கட்டு மாற்றுவார், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே, அந்தத் தன்னார்வலரை மகன் அறிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

உங்கள் கைப்பேசி எண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அன்பு குறைவாக இருப்பதால் இதைச் சொல்லவில்லை. நீங்கள் பணிமாற்றம் ஆகிப் போனாலும் அவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், அதனால் சொல்கிறேன்.

தோட்டத்துவீடு (பதில்):

நான் செவிலியர் இல்லை. இதே போன்ற புண்ணுடன் என் அப்பாவும் ஒரு மருத்துவமனையில் ஐந்து வாரங்கள் இருந்தார். அவரும் சுவர்ப் பக்கம்தான் திரும்பிப் படுத்திருப்பார். வீட்டுக்கு வந்து பல நாட்கள் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னார். புண்ணிலிருந்து வந்த நாற்றம் அவருக்கே தெரிந்திருக்கிறது. சின்ன வயதுப் பெண் ஒருத்தி தன் காலுக்கருகே குனிந்து அதை முகர வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தில், அவள் முகத்தைப் பார்க்கவே அவரால் முடியவில்லை. அந்தப் பெண்ணோ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் திரும்பிப் பார்த்திருந்தால்தானே அது அவருக்குத் தெரிந்திருக்கும்!

இன்னொரு வேண்டுகோள். அப்பாவைப் பற்றிய எல்லாவற்றையும் எங்களிடமே கேட்டார்கள். "சாப்பிட்டாரா? மலம் கழித்தாரா? வலி இருக்கிறதா?" என்று அவர் தலைக்கு மேலாக என்னிடம் கேள்வி வரும்போது, ஒன்றிய அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்பு பார்த்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். தயவுசெய்து அவரிடமே கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலும் நாங்கள் காத்திருப்போம்.

புதுச்செவிலி (மறுபதில், ஒன்பது நாட்கள் கழித்து):

மூவருக்கும் நன்றி. அன்றே சர்க்கரையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. வார்டில் சேர்ந்த நாள் முதலே அவர் இப்படித்தான் என்று மகனும் உறுதிப்படுத்தினார். மருத்துவரிடம் சொன்னதும் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். வலது காதில் குறும்பி கல்லாகக் கிடந்ததை எடுத்தார்கள். இடது காதில் குறை இருக்கிறது, அது நெடுங்காலக் குறை.

மறுநாள் கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வலப்பக்கம் போய், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். தறிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சியாம். அப்படியே கூப்பிடுகிறேன். கட்டு மாற்றும் நேரத்தைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் ஏழு நிமிடம் தாமதித்த அன்று அதை விரலால் தொட்டுக் காட்டினார். நாற்றத்தைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன்: புண் ஆறும்போது அது குறையும், எனக்கு அது பழக்கம்தான், அதற்காகத் திரும்பிப் படுக்க வேண்டாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கடுத்த நாளிலிருந்து மல்லாந்தே படுத்திருக்கிறார். காலை ஊன்றாமல் இருக்க வாக்கரும், இரவுக்குச் சிறுநீர்க் குடுவையும் கட்டிலருகே வைத்த பின் விடியற்கால நடையும் நின்றுவிட்டது.

நேற்று நான் காஸ் துணியைப் பிரித்தபோது கையை நீட்டினார். கிருமி நீக்கியது, தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஒதுக்கி வைத்த ஒரு துண்டைக் கொடுத்தேன். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரு விரலுக்கிடையில் இழுத்துப் பார்த்து, "இதுல இழை போதாது பாப்பா, ஒரு மடிப்பு கூடப் போடு" என்றார். புண்ணில் கசிவு இருந்ததால் அது சரியான யோசனையும்கூட; ஒரு மடிப்புக் கூட்டி வைத்தேன்.

வியாழக்கிழமை வீடு திரும்புகிறார். வலது காதுப் பக்கமாக, முகம் பார்த்துப் பேச வேண்டும் என்ற குறிப்பை டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்க்குமாறு மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன். இப்படி எழுதும் வழக்கம் வேறு மருத்துவமனைகளில் இருந்தால், எந்த இடத்தில் எழுதுகிறார்கள் என்று சொல்லுங்கள்.