பார்க்காத தூணுக்குப் போட்ட கையெழுத்து: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கம்பிக்கணக்கு:
மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை மழையில் சரிந்து 61 பேர் இறந்ததை இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் எழுத வந்தது அதற்கடுத்த திங்கட்கிழமைக் காலையைப் பற்றி. அப்போது சென்னையில் ஒரு சிறிய கட்டமைப்பு ஆலோசனை நிறுவனத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். நான் உள்ளே நுழைந்தபோது, எங்கள் முதலாளி அலமாரியிலிருந்த கோப்புகளையெல்லாம் மேசை மீது இறக்கி இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்று, வேலை நடக்கும்போது நேரில் போய்க் கம்பி கட்டியதைச் சரிபார்த்தவை. மற்றொன்று, அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கையெழுத்திட்டு அனுப்பியவை. இரண்டாவது அடுக்குதான் உயரமாக இருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், பிறகு ஒன்றும் பேசாமல் இரண்டையும் கலந்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அவற்றில் பாதிக்குக் கணக்குப் போட்டவன் நான். நானும் பேசவில்லை.

சவுக்குமுட்டு:
கோவையில் ஒரு வணிக வளாகம். ஐந்தரை மீட்டர் பீமுக்கு அடியில், கான்கிரீட் இறுகும் வரை தாங்க வைத்திருந்த முட்டுகளை ஒன்பதாம் நாளே பிரிக்க வந்துவிட்டார்கள். ஆறு மீட்டர் வரையிலான பீமுக்குப் பதினான்கு நாளாவது முட்டு நிற்க வேண்டும் என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆலோசனை நிறுவனம் தொலைபேசியில் சம்மதம் தந்துவிட்டது என்றார் ஒப்பந்ததாரர். மேஸ்திரி ஆப்பைத் தட்டச் சுத்தியலை ஓங்கியபோது, நான் அந்த முட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கையை எடுங்க மேடம், ஓனரே சொல்லிட்டாரு" என்றார். எழுத்தில் வாங்கி வந்தால் எடுக்கிறேன் என்றேன். எழுதித் தர எவரும் முன்வராததால், முட்டுகள் பதினான்காம் நாள் வரை நின்றன. தொலைபேசியில் அவ்வளவு எளிதாகச் சரி என்றவர், அதையே ஒரு தாளில் எழுத ஏன் தயங்கினார் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

நிலைமட்டம்:
கம்பிக்கணக்கு அவர்களே, உங்கள் முதலாளி மீது மட்டும் பழி போடுவது நியாயமாகப் படவில்லை. வரைபடம் போதும், மேற்பார்வை வேண்டாம் என்று கட்டணத்தைக் குறைத்துப் பேசுபவர் கட்டுநர்தானே? எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. எட்டுக் கம்பி கொடுத்திருந்த தூணில் ஆறுதான் நின்றது என்பதை, கான்கிரீட் போடுவதற்கு முன் எவரோ எடுத்த புகைப்படத்தில், ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதைப்போல, பொறியாளர் தொழிலுக்கென நாடு தழுவிய சட்டம் இந்தியாவில் இல்லை. வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவோ, வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் கட்டுநரே சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சட்டமே காட்டிவிட்டது.

பழையசெங்கல்:
இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஐந்தாண்டுப் பொறுப்பு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலானது. கையெழுத்திட்டவரின் கடமையை அது எந்த இடத்திலும் குறைக்கவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயட் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாலங்கள் 1981 ஜூலை 17 அன்று விழுந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து மேல் பாலத்தைக் கடந்து கீழ்ப் பாலம் வரை ஒரே கம்பியாகத் தொங்க வேண்டியதை, உருக்கு வேலை செய்த நிறுவனம் இரண்டு கம்பிகளாக மாற்றியது. கீழ்ப் பாலம் மேல் பாலத்திலேயே தொங்க நேர்ந்ததால், மேல் பாலத்தின் பீமுக்கு அடியிலிருந்த நட்டின் மேல் இரு மடங்கு சுமை இறங்கியது. மாற்றியவர் வேறொருவர்தான், ஆனால் மாறிய வரைபடத்தில் பொறியாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது. அந்த இணைப்பைக் கணக்கிடுவது எங்கள் வேலையன்று என்ற வாதம் மிசௌரி மாநிலத்தில் எடுபடவில்லை. இரு பொறியாளர்களின் உரிமங்களும் நிறுவனத்தின் அனுமதிச் சான்றும் பறிக்கப்பட்டன. நாம் பணம் வாங்குவது கட்டுநரிடம் என்றாலும், அந்தப் பாலத்துக்கு அடியில் நிற்பவர் கட்டுநர் அல்லர்.

என் அனுபவம் சிறியது: தாம்பரத்துக்கு அருகே ஒரு வேலையில், மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் அடித்தளம் வரைய மறுத்தேன், வேலை வேறொருவரிடம் போய்விட்டது.

எவரும் கேட்கவில்லை என்றாலும், இளையவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு முன், ஒவ்வொரு தூணையும் தேதியோடு படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். கான்கிரீட்டின் வலிமையைக் காட்டும் 28ஆம் நாள் க்யூப் சோதனை முடிவு கைக்கு வராமல் அடுத்த சான்றிதழில் கையெழுத்திடாதீர்கள். மேற்பார்வை உங்களுடையது அல்ல என்றால், வேறு எவருடையது என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். வேலையிலிருந்து விலகும்போது கட்டுநருக்கு மட்டும் எழுதினால் போதாது. திட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் காரணத்தோடு எழுதுங்கள். நிலைமட்டம் அவர்களே, ஆறு கம்பியில் நின்ற அந்தத் தூணைப் பற்றி நீங்கள் எவருக்கு எழுதினீர்கள்?

நிலைமட்டம்:
கட்டுநரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். எழுதவில்லை.

கம்பிக்கணக்கு:
நான் எவர் மீதும் பழி போட வரவில்லை. விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். அந்த நிறுவனத்தை விட்டு விலகிய பிறகு, இரண்டாவது அடுக்கிலிருந்த ஒரு குடியிருப்பைத் தேடிப் போனேன். மாடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கீழே வாகன நிறுத்தத்தில் பிள்ளைகள் தூணைப் பிடித்துச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூணின் அடியில் நெடுக்காக ஒரு மெல்லிய விரிசல் இருந்தது. பூச்சில் வந்ததா, உள்ளிருந்து வந்ததா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. ஒரு பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சங்கச் செயலாளரிடம் சொன்னபோது, "நீங்க யாரு சார்?" என்று கேட்டார். வழியில் போனவன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போகிறேன். இம்முறை, அந்தத் தூணுக்குக் கணக்குப் போட்டவன் நான் என்று சொல்வேன்.