மலைப்பள்ளிப் பொறுப்புத் தலைமை ஆசிரியைக்கு ஏற்றது எம்.எட். படிப்பா, கல்வி மேலாண்மைப் பட்டயமா?

கேள்வி: ஏற்காடு இடைநிலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஏற்காடு ஒன்றியத்தில், நாகலூருக்கு அப்பால் உள்ள ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன், உத்தமசோழபுரத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்றேன், ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாள் தேர்ச்சியும் உண்டு. தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றதிலிருந்து பொறுப்புத் தலைமை ஆசிரியையாகவும் நானே இருந்து வருகிறேன்.

அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பை நடத்துவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், காலை உணவுத் திட்டக் கணக்கு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்றுகொண்டு எமிஸ் (கல்வித் துறையின் இணையவழித் தகவல் தளம்) பதிவு என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, இவற்றையெல்லாம் எந்தப் படிப்பும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதை உணர்கிறேன். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் பெற்றோருடன் பிள்ளைகளும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவதால் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறிக்க வேண்டியிருக்கிறது. இதை எப்படிக் கையாள்வது என்று யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

பள்ளி நிர்வாகத்தை முறையாகக் கற்க விரும்புகிறேன். எம்.எட். படிக்கலாமா, அல்லது கல்வி மேலாண்மையில் பட்டயம் ஏதேனும் பயன் தருமா? பணியை விட்டுவிட்டு முழுநேரம் படிக்க இயலாது.

பதில் 1: ஓய்வு பெற்ற கல்வியியல் பேராசிரியர், அஸ்தம்பட்டி

எம்.எட். படிப்பை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடலாம் என்பதே என் கருத்து. அது அடிப்படையில் ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர்களுக்கான படிப்பு. பள்ளியை நடத்துவோருக்கான பயிற்சியாக அது வகுக்கப்படவில்லை. கல்வி மேலாண்மையும் நிர்வாகமும் அதில் ஒரு சிறப்புப் பகுதியாக இருக்கலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன என்றாலும், எந்தக் கல்லூரியில் எந்தச் சிறப்புப் பகுதி உண்மையில் நடத்தப்படுகிறது என்பதைக் கேட்டறிந்த பிறகே அதை நம்ப வேண்டும். மேலும் அது 2 ஆண்டு முழுநேரப் படிப்பு. பாடங்களுக்கு 80 விழுக்காடு வருகை கட்டாயம் என்பதால், மலையிலிருந்து இறங்கி ஏறிக்கொண்டு படிப்பது நடவாத காரியம்.

தங்களுக்கு முதலில் தேவைப்படுவது பி.எட். என்று நினைக்கிறேன். பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்கு அது வேண்டும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் வேண்டும். பதவி உயர்வுக்கும் தகுதித் தேர்வு அவசியம் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தொடக்கக் கல்விப் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்கள் தொலைநிலை வழியில் பி.எட். படிக்க விதி இடமளிக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதை நடத்துகின்றன. தொலைநிலை என்றதும் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று எண்ணிவிட வேண்டாம்: நேரடிப் பயிலரங்குகளும் வாரக்கணக்கில் நீளும் பள்ளிப் பயிற்சியும் உண்டு. அந்த நாள்களில் ஈராசிரியர் பள்ளியை மற்றவர் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: தலைமை ஆசிரியர், ஓமலூர் வட்டாரம்

பேராசிரியர் ஐயா சொன்னதில் எனக்குப் பெருமளவு உடன்பாடு உண்டு. ஆயினும் எம்.எட். பற்றி ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். இளநிலைப் பட்டமும் தொடக்கக் கல்விப் பட்டயமும் தலா 50 விழுக்காடு மதிப்பெண்ணுடன் பெற்றவர் பி.எட். இல்லாமலேயே எம்.எட். சேரலாம் என்று அதே 2014 விதிமுறை சொல்கிறது. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் நேரே எம்.எட். விண்ணப்பம் வாங்கிவிடுகிறார்கள். எம்.எட். இருந்தாலும் பட்டதாரி ஆசிரியர் பணிக்குக் கேட்கப்படும் பி.எட். இடத்தை அது நிரப்பாது. தவிர, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குறிப்பேடும் விதிமுறையைவிடக் கடுமையாக இருக்கக்கூடும்.

சகோதரி கேட்டது பதவி உயர்வைப் பற்றி அன்று. பள்ளியை நடத்தும் கலையைப் பற்றி. அதற்கு யாரும் விடை சொல்லவில்லை. நம் நாட்டில் ஆசிரியராவதற்குப் படிப்பு கட்டாயம். தலைமை ஆசிரியராவதற்குத் தனிப் படிப்பு எதுவும் கட்டாயமில்லை. பணிமூப்பு வந்தால் நாற்காலியும் சாவிக்கொத்தும் கைக்கு வந்துவிடும். இந்தக் குறையை உணர்ந்துதான் புது தில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் 2012-இல் பள்ளித் தலைமைக்கெனத் தனி மையம் ஒன்றை ஏற்படுத்தியது. அதன் பாடத்திட்டத்தில் உள்ள ஏழு பகுதிகளில் நிர்வாகம் ஒன்று மட்டுமே. கற்றல் கற்பித்தலை மாற்றுவது, ஆசிரியர் குழுவை உருவாக்குவது, பெற்றோரோடும் ஊரோடும் கைகோத்துச் செயல்படுவது ஆகியவையும் அதில் உண்டு. பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருப்பதே தலைமை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதை அந்தப் பட்டியல் மெல்லக் கலைத்துவிடும்.

பதில் 3: கல்வி மேலாண்மைப் பட்டயம் முடித்தவர், சேலம்

இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் கல்வி மேலாண்மை மற்றும் நிர்வாக முதுநிலைப் பட்டயத்தை நான் படித்தேன். ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் சேரலாம்; குறைந்தது ஓராண்டு, கூடினால் மூன்றாண்டு வரை நீட்டித்துக்கொள்ளலாம். பாடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே என்பது நம்மவர்களுக்கு ஒரு தடைதான். பாடப் பகுதிகள் பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை போலத் தோன்றும். ஈராசிரியர் பள்ளியில் ‘அமைப்பு நடத்தை’ (நிறுவனத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றிய பாடம்) என்றால் எதிர்மேசையில் இருக்கும் ஒருவரோடு ஒத்துப்போவதுதான்! அதற்கு ஒரு பட்டயமா என்று வீட்டில் கேட்டார்கள்.

ஆனால் இறுதியில் செய்ய வேண்டிய திட்ட ஆய்வு வேறு வகை. அங்கே தங்கள் காப்பிப் பருவச் சிக்கலையே எடுத்துக்கொள்ளலாம். எந்த வாரத்தில் எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பிள்ளைகள் வரவில்லை, அவர்களில் யார் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் போனவர்கள், யார் பழம் பறிக்கவே போனவர்கள் என்று பதிவேட்டை வைத்துப் பிரித்துப் பார்த்தால், பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைப்பதற்குக் கையில் ஆதாரம் இருக்கும். சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததுதான் காரணம் என்று தெரிந்தால் அங்கன்வாடியின் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். கூலிதான் காரணம் என்றால் எஸ்டேட் மேலாளரிடமும் பெற்றோரிடமும் பேச வேண்டும். எல்லாருக்கும் ஒரே அறிவுரையைக் கூறிப் பயனில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தமிழ்வழித் தொலைநிலை பி.எட். படிப்பில் முதலில் சேர்ந்து, அது முடிந்த பிறகு மேலாண்மைப் பட்டயத்தைத் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். ஆய்வுக்குக் காத்திராமல், வருகைப் பதிவைக் குடியிருப்பு வாரியாகப் பிரிக்கும் வேலையை மட்டும் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறேன். இந்தப் படிப்புகளுக்கு ஊக்க ஊதியம் கிடைக்குமா?

பதில் 2: தலைமை ஆசிரியர், ஓமலூர் வட்டாரம்

உயர்கல்விக்காகப் பழைய முறையில் வழங்கிவந்த ஊக்க ஊதிய உயர்வை அரசு 2020-இல் நிறுத்திவிட்டதால், அந்தக் கணக்கைப் போட்டுப் படிப்பில் சேர வேண்டாம். ஆனால் ஒன்று செய்யுங்கள்: விண்ணப்பிப்பதற்கு முன்பே வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகத் துறையின் முன் அனுமதிக்கு எழுதிவிடுங்கள். அனுமதி ஆணையின் நகல் பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டதா என்பதையும் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து சான்றிதழைப் பதிவு செய்யப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அந்த ஆணைதான்.